பதினோராவது கேன்

முப்பத்தொரு வருஷம் நான் நீர்ப்பாசன எஞ்சினியராக இருந்தேன். யார் வயலுக்கு எப்போது தண்ணீர், யார் ஷட்டரைத் திருட்டுத்தனமாகத் தூக்கினார்கள், யார் வாய்க்காலில் மண்மூட்டை போட்டு அடைத்தார்கள் என்று விசாரித்து நியாயம் சொல்லிச் சம்பளம் வாங்கியவன். தண்ணீர் திருடியவர்களை எதிரில் நிற்கவைத்து மனசாட்சி பற்றி அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். (அவர்கள் கேட்டுக்கொண்டு நின்றது மனசாட்சியால் இல்லை, என் ஜீப் வழியை மறித்து நின்றதால்தான் என்று இப்போது தோன்றுகிறது.) அப்படிப்பட்ட நான் அறுபத்தெட்டாவது வயதில் கடல் கடந்து போய், ஒரு தீவில், என் இரண்டு உயிர் நண்பர்களின் தண்ணீரைத் திருடினேன். திருடியதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. பழியை ஒருவன் தலையில் தூக்கி வைத்தேன். அவனும் வாங்கி வைத்துக்கொண்டான்.

அவன் பெயர் கலியமூர்த்தி. எங்களுக்குக் கலி. நன்னிலம் பக்கத்துக் கிராமம். அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். கலி படித்து, வாத்தியாராகி, ஹெட்மாஸ்டராக ரிடயர் ஆகி, அதே ஊரில் நாலு ஏக்கர் சொந்த நிலத்தில் நெல் போடுகிறான். எங்கள் குடும்பம் இதற்கு நேர் எதிர்த் திசையில் பயணம் செய்தது. தாத்தா காலத்தில் மிராசு, அப்பா காலத்தில் வழக்கு, என் காலத்தில் தஞ்சாவூரில் மூன்றாவது மாடி ஃபிளாட். பால்கனியில் இரண்டு துளசித் தொட்டி. (இன்றைய தேதியில் எங்கள் மொத்தப் பாசனப் பரப்பு அதுதான்.)

மூன்றாவது ஆள் சாகுல், கூத்தாநல்லூர்க்காரன். நாங்கள் மூவரும் தஞ்சாவூரில் படித்த காலத்தில் ஹாஸ்டலில் ஒரே அறை. சாகுல் அப்புறம் மலேசியா போய் ஜவுளி வியாபாரம் செய்து, இருதயத்தில் ஓர் ஆபரேஷனும் செய்துகொண்டு ஊர் திரும்பினான். ஹாஸ்டல் விட்ட அன்று, “வயசானப்புறம் மூணு பேரும் ஒரே வீட்ல ஒரு வாரமாவது இருக்கணும்டா” என்று சொன்னது அவன்தான். சொன்னது மறந்துபோய் நாற்பத்தைந்து வருஷம் கழித்து, கோலாலம்பூரில் இருக்கும் அவன் மகள் ஒரு சின்னத் தீவில் கடலைப் பார்த்த வில்லா ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்குப் பிடித்துத் தந்தாள். மூன்று படுக்கையறை, மூன்று தம்பதி. சம்பா அறுத்து நெல்லை ஏற்றிவிட்டுத்தான் வருவேன் என்று கலி சொன்னதால் மாசி மாதம் கிளம்பினோம். தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் என்னை நினைவு வைத்திருப்பார்கள்.

விமானத்தில் ஏறும்வரை நான் கலியைக் கேலி செய்துகொண்டே இருந்தேன். தன் வயல் அரிசி பத்து கிலோ எடுத்து வந்திருந்தான். “போற எடத்துல சோறு போட மாட்டாங்களாடா?” என்றேன். “போடுவாங்க. ஆனா அது சோறா இருக்குமான்னு தெரியாதுல்ல” என்றான். போன இரண்டாம் நாளே அந்த அரிசியில் அதிகம் சாப்பிட்டது யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வில்லா அழகாகத்தான் இருந்தது. கடலோர மணல்மேட்டில் நீளவாக்கில் கட்டிய ஒற்றைத் தளம். முதல் அறை பெரியது, எதிரே கடல். நடு அறை நடுத்தரம். மூன்றாவது அறை கோடியில், ஒரு பாறை மேட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதன் ஜன்னலைத் திறந்தால் ஒரு பலா மரமும், அதன் பின்னால் இன்னொரு பலா மரமும் தெரியும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் யூசோப் என்ற மலாய்க்காரர். எங்கள் வயதுதான். கீழே அறுபது படி இறங்கினால் அவர் வீடு. அவர் மலாயில் சொல்ல, சாகுல் எங்களுக்குத் தமிழில் சொன்னான். தீவில் நல்ல தண்ணீர் குறைவு. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஒரு சின்ன லாரி வந்து வீட்டு டேங்கை நிரப்பும். நடுவில் தீர்ந்தால் யார் கேட்டாலும் வராது. ஆறு பேருக்கு அது தாராளமாகப் போதும், கவனமாக இருந்தால். “கவனமாக” என்று சொல்லும்போது அவர் கண் எங்கள் ஆறு பேரையும் ஒருமுறை சுற்றி வந்தது. நான் லேசாகச் சிரித்துக்கொண்டேன். தண்ணீரைப் பற்றி எனக்கே பாடமா என்று.

உடனே வீட்டைச் சுற்றி ஆய்வுக்குக் கிளம்பினேன். கறுப்பு பிளாஸ்டிக் டேங்க், முதல் அறையை ஒட்டி ஒரு மேடையில் இருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு குழாய் வீட்டின் பின்சுவரோடு ஓடி, அறைக்கு ஒன்றாக மூன்று வால்வு வழியாகப் பிரிந்தது. முதல் அறைக்குத் தண்ணீர் பாய்ந்து கொட்டும். பாறை மேட்டில் இருக்கும் மூன்றாவது அறைக்கு மற்ற இரண்டு பேரும் குழாயை மூடினால்தான் போகும். தலைமடை, நடுமடை, கடைமடை. முப்பத்தொரு வருஷம் நான் பிழைத்த வரைபடம் அப்படியே ஒரு வீட்டுச் சுவரில் இருந்தது.

இந்த ஞானத்தோடு உள்ளே வந்து, அறைகளை நானே ஒதுக்குகிறேன் என்றேன். எஞ்சினியர் என்ற மரியாதைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி கமலாவுக்கு முழங்கால் வலி, மேடு ஏற முடியாது, ஆகவே எங்களுக்கு முதல் அறை. சாகுலுக்கு இருதயம், ஆகவே நடு அறை. கலிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, ஆகவே கோடி அறை. (ஆரோக்கியமாக இருப்பதற்குக் கிடைக்கிற தண்டனை.) கலி பையைத் தூக்கிக்கொண்டு சிரித்தான்.

“இங்கயும் எனக்குக் கடைமடைதானாடா?”

அவன் மனைவி செல்வமணி சிரிக்கவில்லை. கமலா என்னைத் தனியாக அழைத்து, “எனக்கு முழங்கால் வலின்னு எப்போ சொன்னேன்?” என்று கேட்டாள்.

முதல் அறையை நான் எடுத்ததற்கு உண்மைக் காரணம் கடலும் இல்லை, முழங்காலும் இல்லை. அதன் குளியலறையில் ஒரு தொட்டி இருந்தது. வெள்ளைவெளேர் என்று, ஆள் முழு நீளத்துக்குப் படுத்துக் குளிக்கிற தொட்டி. மற்ற இரண்டு அறைகளிலும் வெறும் ஷவர்தான். ஆறும் வாய்க்காலும் அளந்த என் வாழ்க்கையில் தொட்டியில் படுத்துக் குளித்ததில்லை. அதைப் பார்த்த நிமிஷமே ஆசை வந்துவிட்டது. ஆனால் எல்லோர் எதிரிலும் எப்படி நிரப்புவது? வால்வும் அளவும் என் கையில் இருந்தால் ஒரு வழி பிறக்கும் என்று நினைத்து, திங்கட்கிழமை காலை லாரி வந்து போனதும் நான் செய்த முதல் காரியம், தண்ணீர் முறை வைத்தது.

ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஆறு மணியிலிருந்து ஆறரை வரை முதல் அறை. ஆறரை முதல் ஏழு வரை நடு அறை. ஏழிலிருந்து ஏழரை வரை கோடி அறை. சமையலறைக்குத் தனி நேரம். ஒவ்வொரு முறைக்கும் நானே பின்பக்கம் போய் வால்வைத் திருப்பி, முறைகள் முடிந்ததும் மூன்றையும் திறந்து வைத்தேன். துடைப்பக் கட்டையில் பேனாவால் கோடு போட்டு, ஏணியில் ஏறி டேங்கில் விட்டு, ஆழம் எவ்வளவு என்று காலையிலும் மாலையிலும் அறிவித்தேன். கடல் காற்று வாங்க வந்த ஆறு பேரில் ஒருவன் ஏணியில் நின்று துடைப்பக் கட்டையை வெயிலில் பிடித்துக் கோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்வமணி ஃபிரிட்ஜ் முன்னால் நின்று தாளை முழுக்கப் படித்தாள். “ஏண்ணே, இதுல கலெக்டர் கையெழுத்து வேணாமா?” என்றாள். சாகுலின் மனைவி ஜொஹரா, மீன் கழுவ மனு எழுதித் தர வேண்டுமா என்று கேட்டாள். கலி எனக்கு லஸ்கர் என்று பெயர் வைத்தான். எங்கள் பக்கம் ஆற்றங்கரையில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற சிப்பந்திக்கு லஸ்கர் என்று பெயர். எனக்குக் கீழே முப்பது லஸ்கர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். நான் லஸ்கர் ஆனது அந்தத் தீவில்தான்.

“லஸ்கர், எங்க மடையை எப்போ தெறப்பீங்க? தலையில ஷாம்பு காயுது” என்று கோடி அறையிலிருந்து அவன் குரல் வரும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது என்பேன். உண்மையாகவே நாலு நிமிஷம் காத்திருந்துதான் திறந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் படகில் போய் மீன் பார்ப்பதாக ஏற்பாடு. கண்ணாடி அடித்தளம் போட்ட படகு. நான் காலையிலிருந்தே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சாப்பிட உட்காரும்போது ஒரு முனகல், எழுந்திருக்கும்போது இன்னொன்று. முதுகு பிடித்துக்கொண்டது, படகில் உட்கார முடியாது என்று சொன்னேன். கமலா நானும் இருக்கிறேன் என்றாள். நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று நான் வற்புறுத்தியதை அவள் அன்பு என்று நினைத்துக்கொண்டாள். ஜொஹரா தன் பையிலிருந்து தைலம் எடுத்துக் கொடுத்தாள். கலி ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் முதுகுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

படகு கண்ணுக்கு மறைந்ததும் நான் துள்ளி எழுந்தேன். அறுபத்தெட்டு வயதில் அப்படித் துள்ளியதற்கே முதுகு நிஜமாகப் பிடித்திருக்க வேண்டும்.

பின்பக்கம் போய் மற்ற இரண்டு அறைகளின் வால்வையும் இறுக்கி மூடினேன். வீட்டில் ஆளே இல்லை, எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை, மூட வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் மூடினேன். திருடுகிறபோது மேல்மடைக்காரன் கை தானாக அங்கேதான் போகும் போலிருக்கிறது. உள்ளே வந்து, தொட்டியின் அடியில் அடைப்பானைப் பொருத்தி, குழாயை முழுக்கத் திறந்தேன். பாதித் தொட்டி போதும், யாருக்கும் தெரியாது, சாயந்திரம் துடைப்பக் கட்டை அளவைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடலாம். (அளவுகளைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது எப்படி என்பதற்கு எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.)

தொட்டி நிறைய நேரம் ஆகும் என்று கட்டிலில் சாய்ந்தேன். கலி வைத்துவிட்டுப் போன தலையணை வாட்டமாக இருந்தது. வயிற்றில் அவன் அரிசிச் சோறும் தயிரும். சோறு உண்ட டெல்டாக்காரனை மதியம் இரண்டு மணிக்குச் சாயவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

விழித்தபோது மணி நாலரை. குளியலறையில் சத்தமே இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். தொட்டி முக்கால்வாசிக்கு மேல் பளிங்காக நிறைந்திருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டபோதுதான் தொட்டியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே இருந்த ஓட்டையைப் பார்த்தேன். நிறைந்து வழியாமல் இருக்க வைத்த ஓட்டை. இரண்டு மணி நேரத்துக்கு மேலாக வந்த தண்ணீரையெல்லாம் அது சத்தம் போடாமல் வாங்கி வெளியே அனுப்பியிருந்தது. என் உத்தியோக வாழ்க்கை முழுவதிலும் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்த ஒரு வடிகாலை நான் பார்த்ததில்லை.

குழாயில் தண்ணீர் நின்றிருந்தது. ஏணியில் ஏறிப் பார்த்தேன். டேங்கின் அடியில் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. துடைப்பக் கட்டைக்கு வேலையே இல்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கதையில் என்னை நானே மன்னிக்காத இடம். அந்த நிமிஷம் வீட்டில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. வியாழக்கிழமை வரை ஆறு பேரும் சமாளித்திருக்கலாம். தூரத்தில் படகின் மோட்டார் சத்தம் கேட்டது. எனக்கு அந்தத் தண்ணீர், தண்ணீராகத் தெரியவில்லை. சாட்சியாகத் தெரிந்தது. அடைப்பானைப் பிடுங்கினேன். எல்லாம் சுழித்துக்கொண்டு போனது. துண்டால் தொட்டியைத் துடைத்து, துண்டை மெத்தைக்கு அடியில் ஒளித்து, தலையணையில் சாய்ந்து, முனக ஆரம்பித்தேன்.

இத்தனைக்கும் நான் குளிக்கவே இல்லை. கால் கட்டைவிரல்கூட நனையவில்லை.

அவர்கள் உப்பும் மணலுமாக வந்தார்கள். படகிலிருந்து இறங்கித் தண்ணீரில் விளையாடியிருக்கிறார்கள். செல்வமணியின் தலைமுடியில் பாதிக் கடற்கரை இருந்தது. அவரவர் அறைக்குப் போனார்கள். ஐந்து நிமிஷத்தில் வீடு முழுக்க ஒரே கேள்வி, தண்ணீர் ஏன் வரவில்லை? கலி மட்டும் ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தான். சாகுல் கடலுக்குப் போய்க் கைகால் கழுவி ஒளு செய்து தொழுதுவிட்டு வந்தான். அதற்குள் யூசோப்பும் வந்து டேங்கைப் பார்த்து, குழாய் வழியெல்லாம் தடவிப் பார்த்து, எங்கும் கசிவில்லை, யாரோ குழாயைத் திறந்துபோட்டு விட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொன்னார். சாகுல் அதைத் தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

“நீதானேடா எஞ்சினியர். என்னன்னு பாரு.”

ஆக, என் திருட்டை விசாரிக்க என்னையே நியமித்தார்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முதலில் பின்பக்கம் போய், நான் மூடிவைத்து மறந்த இரண்டு வால்வையும் திறந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு ஒவ்வோர் அறையாகப் போனேன். கோடி அறையில், வந்ததும் தண்ணீர் வருமா என்று செல்வமணி திருப்பிய குழாய் திறந்தபடியே இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. கூடத்துக்கு வந்து, கனைத்துக்கொண்டு சொன்னேன்.

“மூணாவது ரூம் குழாய் தெறந்தே கெடக்கு.”

“நாங்க மூடிட்டுத்தான்ணே போனோம்” என்றாள் செல்வமணி.

“மறந்திருப்பீங்கம்மா. யாருக்கும் வர்றதுதானே” என்றேன் பெருந்தன்மையாக.

அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. கலி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, “நான்தான் விட்டிருப்பேன் போல” என்று சொல்லிவிட்டுப் பலா மரத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

ஒரு விஷயம் எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் ஒருமுறை அவனே சொன்னது. அவன் சின்ன வயதில், ஊரில் யாரோ வாய்க்கால் மடையை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். அவன் அப்பா வெட்டியதாகச் சொல்லி, ஆட்கள் எல்லோரும் பார்க்க அவரைப் பகல் முழுக்க வெயிலில் நிற்கவைத்தார்கள். வெட்டியது பண்ணைக்காரரின் மைத்துனர் என்று பின்னால் தெரிந்தது. அதற்குப் பிறகும் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைக் கேட்டு அன்றைக்கு நான் கொதித்துப் போனேன். என் தாத்தாவைப் போன்றவர்களைப் பற்றி ஹாஸ்டல் மாடியில் நின்று ஒரு பிரசங்கமே செய்தேன். அந்தப் பிரசங்கம் அந்தக் கூடத்தில் எனக்கு முழுக்க ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கலி யூசோப்பிடம் ஒரு பத்து லிட்டர் கேனை வாங்கிக்கொண்டு வந்தான். கீழே யூசோப் வீட்டில் கிணறு இருக்கிறது, கொஞ்சம் கரிக்கும், ஆனால் குளிக்கலாம் என்றான். நான் தூக்குகிறேன் என்று சாகுல் எழுந்தான்.

“நீ நெஞ்சைத் தைச்சு வெச்சிருக்கே. உக்காரு. தப்பு என்னோடது, நான்தான் தூக்கணும்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “உன் ரூம் தொட்டிதான் பெருசு. அதுல கொட்டி வெச்சா எல்லாரும் மொண்டுக்கலாம். நீ எந்திரிக்காதே, முதுகு வேற முடியலை” என்றான்.

முதுகு வலிக்காரன் என்ன செய்ய முடியும்? என் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அறுபது படி இறங்கி, தண்ணீர் இறைத்து, அறுபது படி ஏறி, என்னைத் தாண்டி உள்ளே போய், என் தொட்டியில் கலி தண்ணீரைக் கொட்டினான்.

“ஒண்ணு” என்றான். மறுபடி இறங்கிப் போனான்.

மூன்றாவது கேனில் அவன் சட்டை நனைந்திருந்தது. நாலாவது கேனில், “அடைப்பானை நல்லா அழுத்தி வெச்சிருக்கேன். யாரும் புடுங்கிடாதீங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். ஐந்தாவதில் ஜொஹரா எனக்குத் தைலம் தேய்க்க வேண்டுமா என்று கேட்டாள். ஆறாவது கேனைக் கொட்டிவிட்டு அவன் வாசலில் நின்று, வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். ஏழாவதில் கமலா, “பாவம் அண்ணன், ஒரு சின்ன மறதிக்கு இவ்வளவு தண்டனையா?” என்றாள். நானும் பாவம் என்றேன். எட்டாவதில் அவனுக்கு வழி விட நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டேன். ஒன்பதாவதில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, “பாத்து, படி வழுக்கும்” என்றேன். பத்தாவதில் அவன் கால் லேசாக நடுங்குவதைப் பார்த்தேன். என் தாத்தா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். எதிரில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்களாம். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன், ஒரு கடல் தாண்டி வந்து.

பதினோராவது கேனோடு அவன் படி ஏறி வந்தபோது எழுந்து நின்றேன்.

“கலி, அதை வெச்சிடு.”

“ஏன், இன்னும் பாதித்தொட்டிகூட ஆகலையே.”

“குழாயை நீ விடலைடா. நான்தான். படகுல நீங்க போனப்புறம் இந்தத் தொட்டியை நெரப்பினேன். தூங்கிட்டேன். டேங்க்கு காலியானதும், தொட்டியில கெடந்ததையும் தெறந்து விட்டுட்டேன். முதுகு வலியும் பொய்.”

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். கலி கேனைக் கீழே வைத்தான்.

“தெரியும்” என்றான்.

தண்ணீர் வரவில்லையென்றால் கடைமடைக்காரன் யாரையும் கேட்க மாட்டான். வாய்க்காலோடு மேலே நடந்து போவான், எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று பார்க்க. கலியும் நேற்று அதைத்தான் செய்திருக்கிறான். இரண்டு வால்வும் மூடியிருப்பதைப் பார்த்திருக்கிறான். இன்னும் கொஞ்சம் நடந்து, என் குளியலறையின் கழிவுக் குழாய் வெளியே விழும் இடத்தையும் பார்த்திருக்கிறான். அங்கே மணலில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு கடல் வரைக்கும் ஓடியிருந்தது. வடிகால் எங்கே போய் விழுகிறது என்று பார்க்கத் தோன்றாத ஒரே எஞ்சினியர் நான்தான்.

“தெரிஞ்சுமா தூக்கினே?” என்றேன்.

“எங்கப்பா சாகுற வரைக்கும் யாராவது ஒருத்தர் வந்து சொல்லுவாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. யாரும் வரலை. நீ வருவியா மாட்டியான்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. அதான் எண்ணினேன்” என்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆறாவதுல நீ வந்துடுவேன்னு நெனச்சேன்டா. பதினொண்ணு ஆக்கிட்டே” என்றான்.

சாகுல் சிரிக்க ஆரம்பித்தான். ஜொஹரா அவன் நெஞ்சைப் பிடித்து உட்காரவைக்கும் அளவுக்குச் சிரித்தான். கமலா சிரிக்கவில்லை. “முப்பது வருஷமா விவசாயிங்க உங்களைத் திட்டுறப்பல்லாம் நான் உங்க பக்கம் பேசினேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

செல்வமணிதான் பாக்கி. அவளுக்குக் கலி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. “எனக்குத் தெரியாதுண்ணே. நேத்து ராத்திரி முழுக்க இவரைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்” என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆட்டலுக்கு அர்த்தம் சரி என்பதா, பார்க்கலாம் என்பதா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

“முதுகு எப்படி இருக்கு?” என்று கேட்டான் கலி.

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்போ கேனைப் புடி.”

மீதிக் கேன்களை நான் தூக்கினேன். எண்ணியது கலி, என் நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு. ஏழாவது கேனில் என் முதுகு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. சத்தியமாகச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மீதி நாட்கள் முழுக்க கோடி அறையில் பலா மரத்தைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அறையை மாற்றியது செல்வமணியின் ஏற்பாடு. வியாழக்கிழமை லாரி வந்ததும் முதல் ஆளாகத் தொட்டியில் குளித்தது கலிதான். ஒரு மணி நேரம். ஃபிரிட்ஜில் இருந்த தாளில் அதற்கு இடமே இல்லை, ஆனால் தாளை அதற்குள் யாரோ கிழித்துவிட்டார்கள்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் இப்போது புதிதாக ஒரு வழக்கம் வந்துவிட்டது. நான் எதையாவது மறைக்கிறேன் என்று சந்தேகம் வந்தால் கமலா நேராகக் கேட்க மாட்டாள். “இப்ப எத்தனாவது கேன்ல இருக்கீங்க?” என்பாள். டாக்டர் வேண்டாமென்ற இனிப்பைச் சாப்பிட்டேனா, மாத்திரையைப் போட்டேனா, எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். பெங்களூரில் இருக்கும் மகன் போனிலேயே கேட்கிறான். மருமகளும் பழகிவிட்டாள். நன்னிலத்துக்குக் கலி வீட்டுக்குப் போனால் செல்வமணி முதலில் ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். காபி, நான் அதைக் குடித்து முடித்த பிறகுதான். நான் ஒரே மூச்சில் குடித்துவிடுகிறேன்.

ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் எனக்குக் கலியிடமிருந்து போன் வரும். ரிடயர் ஆன எஞ்சினியருக்கு அந்தச் செய்தியை முதலில் சொல்கிறவன் அவன்தான். இந்த வருஷமும் வந்தது. அவன் வயலில் நாற்று விட ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னான். தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

“கடைமடை வரைக்கும் வந்துடுச்சு லஸ்கர்” என்றான். “நீ இன்னும் குளிக்கலை போல.”

அன்றைக்கு உண்மையிலேயே நான் குளித்திருக்கவில்லை. மணி பதினொன்று ஆகியும் சோம்பலாக உட்கார்ந்திருந்தேன். உடனே ஒப்புக்கொண்டேன். முதல் கேனிலேயே.